ஆறு மணிக்குத் தொடங்கும் கோடை வகுப்பு

போன வாரம் ரேஷ்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். கல்லூரியில் நான் பார்த்த ஆய்வக உதவியாளர் வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். சண்டைக்கு வந்தவளைப் போல மூச்சு விடாமல் பேசினாள்.

"அண்ணா, கோடை வகுப்பு இந்த வருஷம் பாதி கம்ப்யூட்டர்லதான். மெயின்லேண்ட்லேருந்து டைம்டேபிள் வந்திருக்கு. பத்தரைக்கு ஆரம்பம். குழந்தைகளப் பார்க்கிற பிராக்டிகல நாம காலையில ஆறு மணின்னு போட்டிருக்கோம்ல, அது ஏன்னு கேட்டு லெட்டர். நான் என்ன எழுத? பழக்கம்னு எழுதிடவா?"

"பழக்கம்னு எழுதாத. காரணம் இருக்கு. நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் அது ஒரு கடிதத்தில் அடங்கும் காரணம் இல்லை என்று தெரிந்தது. ரேஷ்மாவுக்கு மூன்று வரி அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். போர்ட் பிளேயர் லம்பா லைன் வீட்டில் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவனுக்கு வேறு என்ன வேலை?

என் கதை சுருக்கமானது. இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்தேன். சிறு பிள்ளையாக அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தேன். படிப்புக்காகப் போர்ட் பிளேயர் வந்தேன். படிப்பு பாதியில் நின்றது. படித்த கல்லூரியிலேயே இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பட்டம் வாங்க முடியாத இடத்தில் சம்பளம் வாங்கினேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

அந்தக் கல்லூரியில் மே மாதம் ஒரு விசேஷம். எங்கள் மாணவர்கள் விடுமுறையில் போனதும், மெயின்லேண்ட் பல்கலைக்கழகம் ஒன்று தன் பேராசிரியர்களை அனுப்பி ஒரு மாதம் கோடை வகுப்பு நடத்தும். அறிவியல், சுகாதாரம், மனித வளர்ச்சி என்று மூன்று பிரிவு. படிக்க வருபவர்கள் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், நர்சுகள். ஹட் பேயிலிருந்து, ஹேவ்லாக்கிலிருந்து, கார் நிக்கோபாரிலிருந்து கப்பலில் வருவார்கள். கப்பல் தாமதமானால் வகுப்பும் தாமதம். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, இருபது வருடம் ஊசி போட்ட கையால் புது நோட்டில் அட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் நர்சம்மாக்களைப் பார்த்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும். வழக்கமான மாணவர்கள் மணி அடித்தால் எழுந்து ஓடுவார்கள். இவர்களோ மணி அடித்த பிறகுதான் சந்தேகம் கேட்கவே ஆரம்பிப்பார்கள்.

முதல் சில வருடம் அறிவியல் பிரிவுக்குத்தான் உதவினேன். அதில் ஒரு சோதனை உண்டு. தரையில் ஒரு குச்சியை நட்டு, சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு விழும் நிழலைக் கோடாக வரைந்தால் அது வடக்கு தெற்கைக் காட்டும் என்று மெயின்லேண்டிலிருந்து வந்த கையேடு சொன்னது. ஆசிரியர்கள் பயபக்தியோடு வரைந்தார்கள். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் கோடு கிழக்கே கேன்டீனைக் காட்டிக்கொண்டு நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தீவுகளில் நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தரைக்கு விளக்கைப் போட வேண்டும். சூரியன் எங்களுக்கு முந்தி வருகிறது. கடிகாரம் மட்டும் மெயின்லேண்டுடையது. உச்சிப்பொழுது இங்கே பதினொன்றேகால் வாக்கில் முடிந்துவிடும். இதைச் சொன்னபோது பேராசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் கொஞ்ச நாள் தலை நிமிர்த்தி நடந்தேன்.

அந்தத் திமிரோ என்னவோ, அடுத்த வருடம் என்னை மனித வளர்ச்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்க்ரூ கேஜ் பிடித்த கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்தார்கள். பாய் விரிக்க வேண்டும், பொம்மை கழுவ வேண்டும், ஈரமானால் துடைக்க வேண்டும். இயற்பியல் ஆய்வக நண்பர்கள் என்னை "ஆயா" என்று கூப்பிட்டார்கள். மாற்றச் சொல்லி மனு எழுதிப் பையில் வைத்திருந்தேன். அதைக் கொடுக்காமல் போனதற்கு வைதேகி மேடம்தான் காரணம்.

வைதேகி மேடம் மெயின்லேண்டிலிருந்து வந்த பேராசிரியை. அப்போது ஐம்பது வயதுக்கு மேல். உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. வகுப்பறைக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தையும் வளையல்களையும் கழற்றி என்னிடம் கொடுப்பார். கையைக் கழுவுவார். கழுவிய கை சில்லென்று இருக்கும் என்று இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அதன் பிறகுதான் குழந்தையின் பக்கம் போவார். நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்து நான் கண்டதில்லை. தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோவார்.

அவருடைய சோதனைப் பெட்டியில் பெரிதாக ஒன்றும் கிடையாது. எட்டு சிவப்பு மரக்கட்டைகள், ஒரு சின்ன மணி, ஒரு வளையம், ஒரு கிண்ணம், ஒரு வெள்ளைத் துணி. ஒரு கட்டையைக் குழந்தையின் முன் வைப்பார். வைத்ததும் மனதுக்குள் பத்து வரை எண்ணுவார். அதற்குள் "எடு கண்ணா" என்று சொல்லக் கூடாது, கைதட்டக் கூடாது, கட்டையைத் தள்ளிக் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்குப் பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் முதல் வாரம் ஒருவராலும் முடியாது. மூன்றிலேயே யாராவது "அரே, லே லோ பேட்டா" என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொஞ்சிவிடுவார்கள். மேடம் கோபப்பட மாட்டார். கட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணுவார்.

குறிப்பு எழுதுவதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். பார்த்ததை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. ஒரு முறை ஓர் ஆசிரியை "குழந்தை சோம்பலாக இருந்தது" என்று எழுதியிருந்தார்.

"சோம்பல் எங்கே இருந்தது? கையிலயா, கண்ணுலயா?" என்று மேடம் கேட்டார்.

ஆசிரியை தன் குறிப்பைத் திரும்பப் படித்தார்.

"கையில ஒண்ணும் எடுக்கலைன்னா, எடுக்கலைன்னு எழுதுங்க. சோம்பல்னு எழுதினா அது வீடு வரைக்கும் போகும். பள்ளிக்கூடம் வரைக்கும் போகும்."

நான் மூலையில் பொம்மை துடைத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டேன். என் பிள்ளைகளை நான் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன் என்று அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மனு பையிலேயே கிழிந்து போயிற்று.

வைதேகி மேடம் தொடர்ந்து பல கோடைகள் வந்தார். தராசை எப்படி நம்ப வேண்டும் என்பதை எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். தினமும் காலையில், முதல் குழந்தை ஏறுமுன், இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். முள் இம்மி விலகினாலும் அன்றைய தராசு ஓரமாகப் போய்விடும். "கருவி சரியா இருக்கான்னு பார்க்காம குழந்தை சரியா இருக்கான்னு பார்க்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தா?" என்பார். இவ்வளவு கவனமான மனுஷிக்கும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கிய பாறையில் எண்ணெய் ஊற்றி வைத்தது நான்.

பிராக்டிகல் நாட்களில் எந்தத் தாய் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பத்து மணி கொடுத்தேன். வண்டூர் போன்ற தூரத்து ஊர்க்காரர்களுக்குப் பதினொன்று. பாவம், கைக்குழந்தையோடு பஸ் பிடித்து வர வேண்டுமே, அவசரப்படாமல் வரட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அப்படி ஒரு புதன்கிழமை வண்டூரிலிருந்து புஷ்பம் வந்தாள். கணவன் தாஸ் சுற்றுலாப் படகு ஓட்டுபவன். மூத்தவன் இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன். இளையவள் கனிக்குப் பத்து மாதம். ஒரு மாதம் முன்கூட்டியே, எடை குறைவாகப் பிறந்தவள். அதனால் எப்படி வளர்கிறாள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கன்வாடி ஊழியர் அனுப்பியிருந்தார்.

கனியைச் சோதித்தது மேரி என்ற நர்ஸ். நிதானமானவர், நல்ல மாணவி. சட்டப்படி எல்லாம் செய்தார். கட்டையை வைத்து எண்ணினார். கனி பார்த்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. கையில் வைத்தார்கள், கட்டை நழுவி விழுந்தது, விழுந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. கட்டையைத் துணிக்கு அடியில் ஒளித்தார்கள், தேடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்தபடி அம்மாவின் மடியில் சாய்ந்தே இருந்தாள். படிவத்தில் "குழந்தை விழிப்புடன் இருந்ததா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மேரி அதில் "ஆம்" என்று டிக் செய்தார்.

மேடம் கடைசி ஐந்து நிமிடம் வந்து இரண்டு சோதனைகளைத் தானே திரும்பச் செய்தார். அதே முடிவு. அட்டையில் வளர்ச்சித் தாமதம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். புஷ்பத்திடம் மெதுவாகத்தான் சொன்னார்: "இந்த வயசுக்கு வரவேண்டியதுல சிலது இன்னும் வரலம்மா. பயப்படாதீங்க. டாக்டரைப் பாருங்க."

பயப்படாதே என்று சொல்லி யார் பயப்படாமல் இருந்திருக்கிறார்கள்?

பாயைச் சுருட்டும்போது அதன் அடியில் கனியின் தடுப்பூசி அட்டை கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஐந்து மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்டூருக்குக் கிளம்பினேன். அந்த நேரத்தில் போனால் வெயிலும் இருக்காது, வண்டிகளும் இருக்காது.

நான் போனபோது ஆறு மணி. வீட்டு வாசலில் சாக்கை விரித்து நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள் புஷ்பம். உள்ளே ஒரு பெரிய பெட்டி திறந்து கிடந்தது. பாதி துணி அடுக்கியிருந்தது. மூத்த பையன் அதன் பக்கத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க பயணம்?" என்று கேட்டேன்.

"சென்னைக்குண்ணே. அங்க எங்கக்கா இருக்கு. ஒரு வருஷமாவது தங்கிப் பாத்தாத்தான் பிள்ளை தேறும்னு எல்லாரும் சொல்றாங்க. இவுக ரெண்டு நாளா வரிசையில நின்னு டிக்கெட் வாங்கிட்டாக. வெள்ளிக்கிழமை கப்பல்."

"பையன்?"

"அவன் இங்கதான். அப்பாகூட." இதைச் சொல்லும்போது அவள் பையன் பக்கம் திரும்பவில்லை.

கப்பல் டிக்கெட் குதிரைக் கொம்பு. அது கிடைத்துவிட்டது என்றால் முடிவு உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். தடுப்பூசி அட்டையை நீட்டினேன். அப்போதுதான் கனியைப் பார்த்தேன்.

அவள் சாக்கின் ஓரத்தில், யார் துணையும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நெத்திலியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்தாள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தாள். புஷ்பம் வெடுக்கென்று பிடுங்கிச் சாக்கின் மடிப்புக்குள் செருகினாள். கனி ஒரு கணம் யோசித்தாள். பிறகு மடிப்பைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, அதை வெளியே எடுத்துவிட்டாள்.

நான் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமை முடியாது என்று குறித்த மூன்றையும் இந்தப் பெண் ஒரு கருவாட்டை வைத்துச் செய்து காட்டுகிறாள். "கனி" என்று கூப்பிட்டேன். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இவ எத்தனை மணிக்கு எந்திரிப்பா?"

"விடியுறப்பவே. நாலரைக்கெல்லாம் எந்திரிச்சு ஆட்டம் போடுவா. எட்டு மணிக்கு மேல கண்ணு நிக்காது, தொட்டில்ல போடணும்."

"அன்னைக்கு பஸ்ல தூங்கினாளா?"

"எங்கண்ணே தூங்குறது, அந்தக் கூட்டத்துல?"

நாலரைக்கு எழுந்த குழந்தை. தூங்க வேண்டிய நேரம் முழுக்க பஸ்ஸிலும் கல்லூரி வராந்தா பெஞ்சிலும் போயிருக்கிறது. பதினொரு மணிக்கு நாங்கள் அதன் முன் கட்டையை வைத்துப் பத்து எண்ணியிருக்கிறோம். அது கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறது.

இந்தத் தவறை மெயின்லேண்டில் ஒருவர் செய்திருந்தால் மன்னிக்கலாம். அன்று அந்த அறையில் மேடத்தைத் தவிர அத்தனை பேரும் தீவுக்காரர்கள். எல்லாருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. பதினொரு மணி எங்கள் குழந்தைகளுக்கு அரை நாள் கழிந்த நேரம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆபீஸ் வாசலை மிதித்ததும் வீட்டு நேரத்தைச் செருப்போடு கழற்றி வெளியே வைத்துவிடுவது எங்கள் பழக்கம். மெயின்லேண்ட் நேரத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. குச்சியின் நிழல் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துப் பெருமைப்பட்டவன் நான். குழந்தைக்கும் அதே சூரியன்தான் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

புஷ்பத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, துணிச்சலும் இல்லை. பொய்யான நம்பிக்கையைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் வேறு.

திங்கட்கிழமை வகுப்புக்கு முன் மேடத்தின் அறைக்குப் போனேன். பொம்மை துடைப்பவன், பேராசிரியை கையெழுத்துப் போட்ட அட்டை தவறு என்று சொல்லப் போகிறேன். போர்ட் பிளேயர் சின்ன ஊர். நாளைக்கே "சண்முகம் மேடத்துக்குப் பாடம் எடுத்தானாம்" என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு போகும்.

பார்த்ததை மட்டும் சொன்னேன். நெத்திலி, இரண்டு விரல், கை மாற்றியது, மடிப்பு, பெயர். நினைத்ததைச் சொல்லவில்லை. அவர் கற்றுக்கொடுத்த பாடம்தானே.

மேடம் மனதுக்குள் பத்து எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"ஆறு மணிக்கு மேடம்."

"இங்க குழந்தைங்க வழக்கமா எப்போ எழுந்திருப்பாங்க?"

"நாலரை. அஞ்சுக்குள்ள எல்லாம் எழுந்துரும்."

எழுந்து அலமாரியைத் திறந்து அந்த வருடத்து அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். நேரப்படி அடுக்கினார். பத்து மணி அட்டைகள் ஒரு பக்கம், பதினொரு மணி அட்டைகள் ஒரு பக்கம். நான் நின்றுகொண்டே பார்த்தேன். பதினொரு மணிப் பக்கத்தில் "இல்லை, இல்லை" என்று பென்சில் குறிகள் அடர்ந்து கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

"லிஸ்ட் போட்டது நான்தான் மேடம். தூரத்துல இருந்து வர்றவங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு..."

"கையெழுத்து நான் போட்டிருக்கேன்" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். பிறகு கனியின் அட்டையை எடுத்து, விழிப்பு என்ற கட்டத்தில் விரலை வைத்தார். "கண்ணு திறந்திருந்தது. அது பார்த்தது. குழந்தை விழிச்சிருந்ததுன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம். தினமும் தராசைச் சரிபார்க்கச் சொன்ன நான், கடிகாரத்தைச் சரிபார்க்கலை."

அவர் குரல் மாறியதை அன்றுதான் கேட்டேன்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நாம அங்க இருக்கணும், சண்முகம். வரச் சொல்லாதீங்க. நாம போகணும்."

ஒரு பேராசிரியை தன் முடிவைச் சரிபார்க்க விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாணவியின் வீட்டுக்குக்கூட இல்லை, ஒரு படகோட்டியின் வீட்டுக்குப் போனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆளை அனுப்பிக் கூட்டி வரச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளியிருக்கலாம். அதற்குள் கப்பல் போயிருக்கும், அவரும் ஊருக்குப் போயிருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை தாஸ் படகுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். புஷ்பம் மேடத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மேடம் கடிகாரத்தையும் வளையல்களையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெளிக்குழாயில் கை கழுவி, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

முதலில் ஒன்றும் செய்யவில்லை. கனி அவரைப் பார்த்துச் சலிக்கும் வரை பார்க்கவிட்டார். மூக்குத்தியை அவள் பிடித்து இழுத்தபோதும் விலக்கவில்லை. பிறகு ஒரு சிவப்புக் கட்டையைப் பாயில் வைத்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தாஸ் வாயைத் திறக்கப் போனான், நான் கையமர்த்தினேன். நாலு. கனி எடுத்துவிட்டாள்.

இரண்டாவது கட்டையை வைத்தார். அதையும் எடுத்து, இரண்டையும் மோதி, சத்தத்தைக் கேட்டுத் தானே சிரித்தாள். கிண்ணத்தில் போட்ட சின்ன மணியை இரண்டு விரலால் எடுத்தாள். வெள்ளைத் துணிக்கு அடியில் கட்டையை ஒளித்தபோது மேடம் பத்து எண்ண வேண்டியிருக்கவில்லை. துணி அதற்குள் அந்தப் பக்கம் பறந்திருந்தது. பின்னாலிருந்து பெயர் சொன்னபோது திரும்பினாள். தாஸ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கடைசியாகக் கனியின் இரண்டு கையையும் பிடித்து நிற்க வைத்துப் பார்த்தார். கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. இரண்டு முறை பார்த்தார். மகிழ்ச்சியில் அதை விட்டுவிடவில்லை, பென்சிலால் எழுதினார்.

"காலு கொஞ்சம் மெதுவா வருது. ஒரு மாசம் முன்னாடியே பிறந்த குழந்தை, அதனால இருக்கலாம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும், நான் இங்க டாக்டருக்கு எழுதித் தர்றேன். மத்ததெல்லாம் வயசுக்குச் சரியா இருக்கு" என்றார். பிறகு புஷ்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு நாங்க பார்த்த நேரம் தப்பு. தூங்க வேண்டிய குழந்தையை உட்கார வச்சுப் பார்த்துட்டோம். தப்பு குழந்தை மேல இல்ல, உங்க மேல இல்ல. என் மேல. என்னை மன்னிச்சிருங்க."

பழைய அட்டையைக் கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. குறுக்கே "தவறான நேரத்தில் செய்த சோதனை. பொறுப்பு என்னுடையது" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அட்டையை அன்றைக்கே நாற்பது பேர் முன்னால் வாய்விட்டுப் படிக்கவும் செய்தார். பதினொரு மணிக்குப் பார்த்த அத்தனை குழந்தைகளையும் அந்த வாரமே விடியற்காலையில் திரும்பப் பார்த்தோம். பத்து மணி வகுப்பு ஆறு மணிக்கு மாறியது. "குழந்தை இன்று எத்தனை மணிக்கு எழுந்தது?" என்ற கேள்வி எங்கள் படிவத்தில் முதல் வரியாக ஏறியது. ரேஷ்மா, இதைத்தான் நீ பழக்கம் என்று எழுதப் பார்த்தாய்.

அன்று வண்டூர் வீட்டில் எல்லாம் முடிந்து, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கத் தாஸ் கிளம்பினான். மூத்தவன் பெட்டியிலிருந்து அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. நான் கட்டைகளை எண்ணிப் பெட்டியில் வைத்தேன். மணி எட்டை நெருங்கியது. கனி மேடத்தின் மடியில் ஏறியிருந்தாள். கண் செருகத் தொடங்கியது.

புஷ்பம் பதறி ஓடி வந்தாள். கையில் ஈரத்துணி.

"என்னம்மா அது?" என்றார் மேடம்.

புஷ்பம் துணியோடு நின்றாள். அவள் முகம் கோணிற்று.

"முகத்துல துடைக்க மேடம். நீங்க அந்தக் கார்டு குடுத்ததுலேருந்து ஆறு நாளா பகல்ல இவள நான் தூங்கவே விடல. கண்ணு சொருகினா தண்ணியத் தொட்டு எழுப்பிருவேன். கட்டையக் கையில குடுத்து எடு, எடுன்னு... அதுல இல்ல இல்லன்னு இருந்ததெல்லாம் பழக்கிட்டா சரியாயிரும்னு நெனச்சேன். அழுது அழுது பார்த்துச்சு. நான் விடல."

கனி மேடத்தின் மடியிலேயே சாய்ந்தாள்.

"இப்ப தூங்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள் புஷ்பம். பெற்றவள், தன் பிள்ளை தூங்குவதற்கு அனுமதி கேட்டாள்.

மேடம் பத்து எண்ணவில்லை. எண்ண முடிந்திருக்காது. கண்ணில் நீர் வழிய, கையை நீட்டி அந்த ஈரத்துணியை வாங்கி என் பக்கம் தள்ளிவிட்டார். "தூங்கட்டும்மா. நல்லாத் தூங்கட்டும். அவ தானா எழுந்திருக்கிற வரைக்கும் நான் அசைய மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தார். புஷ்பமும் பக்கத்தில் பாயில் சாய்ந்து, ஒரு கையைக் கனியின் பாதத்தில் வைத்தபடி கண்ணயர்ந்தாள். ஒன்பது மணி ஆயிற்று, பத்து மணி ஆயிற்று. என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். மேரி.

"அண்ணா, க்யா ஹுவா? என்ன ஆச்சு? எல்லாரும் வந்தாச்சு. டைரக்டர் வேற வந்து நிக்கிறார். மேடம் எங்க? கிளாஸ் எப்போ?"

"சொல்ல முடியாது" என்றேன். "குழந்தை தூங்குது."